பதினான்காம் பக்கத்துக் குடும்பம்

என் மகள் குடும்பத்தில் ஃபெயில்.

கணக்கில் ஒன்பது, மொழியில் எட்டு, படம் வரைவதில் பத்து. குடும்பத்தில் மட்டும் பத்துக்கு இரண்டு. வயது ஆறு, படிப்பது ஒன்றாம் வகுப்பு. இந்தப் பள்ளிக்கூடத்தில் 'குடும்பமும் பள்ளியும்' என்று ஒரு பாடம் உண்டு. அதில் தவறினால் இரண்டாம் வகுப்புக்கு அனுப்ப மாட்டார்கள். கூட்டல் வராத பிள்ளையை அனுப்புவார்கள். தன் பெயரை எழுதத் தெரியாத பிள்ளையைக்கூட முதுகில் தட்டி அனுப்புவார்கள். குடும்பம் தெரியாத பிள்ளையை அனுப்பிவிட்டால் உலகம் என்ன ஆவது என்று அவர்களுக்குக் கவலை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அதே பள்ளிக்கூடத்துச் சமையல்காரன். முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்கும் பதினாறு ஆசிரியர்களுக்கும் ஒரு தலைமை ஆசிரியருக்கும் பன்னிரண்டு வருடமாக மதியச் சாப்பாடு போடுகிறவன். என் மனைவி பஸ் ஓட்டுகிறாள். காலை நாலரைக்குக் கிளம்பினால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வீடு. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு எந்தச் சந்திலும் வளைத்து எடுத்துவிடுவாள். ஒரு முட்டையை வேகவைக்கச் சொன்னால் பாத்திரம் கரியாகிவிடும். அதனால் வீட்டிலும் கரண்டி என் கையில்தான். இதில் எங்கள் இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. பாத்திரத்துக்கும் நல்லது.

மகளை மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் சின்னது, காரம் அதிகம். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற பிள்ளை. கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்வாள். பார்க்காததைச் சொல்ல வராது. அதுதான் வினையாகப் போனது.

விடைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உங்கள் வீட்டில் சமைப்பவர் யார்? 'அப்பா.' சிவப்பு மையில் பெருக்கல் குறி. வேலைக்குப் போகிறவர் யார்? 'அம்மா பஸ் ஓட்டுவாங்க.' பெருக்கல் குறி. மாலையில் அப்பா என்ன செய்வார்? 'வெங்காயம் உரிச்சு அழுவாரு.' இதற்கு மட்டும் இரண்டு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு. உங்கள் குடும்பம் எங்கே வசிக்கிறது? 'வீட்டில்.' அந்த இரண்டு மதிப்பெண் இதற்குத்தான். நாங்கள் மரத்தில் குடியிருந்திருந்தால் பிள்ளை சைபர் வாங்கியிருக்கும்.

கீழே தண்டனையும் எழுதியிருந்தது. 'எங்கள் வீட்டில் அம்மா சமைப்பார்' என்று ஐம்பது தடவை எழுதி வரவேண்டும். நான் அடுப்பில் காயைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ஏழாவது வரியில் தலையைத் தூக்கினாள்.

"அப்பா, அம்மா எப்போ சமைப்பாங்க?"

"எழுதும்மா."

"அம்மா தூங்கறாங்களே."

"எழுதும்மா கண்ணு."

எனக்கு என்னவோ போலிருந்தது. காய் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் அது இரண்டாவது தடவை.

மறுநாள் வகுப்பு டீச்சரைப் பிடித்தேன். பிடிப்பதற்கு எங்கும் போகவேண்டியதில்லை. பன்னிரண்டரைக்குத் தட்டோடு என் ஜன்னலுக்கு அவரே வருவார்.

"டீச்சர், பாப்பா எழுதினது தப்பா?"

"ஐயோ, தப்புன்னு யாருங்க சொன்னா? உங்க வீட்டுக்கு அது சரி. பாடத்துக்குத்தான் தப்பு."

"கேள்வியில 'உங்கள் வீட்டில்'னுதானே இருக்கு?"

"கேள்வி அப்படித்தான் இருக்கும். பதில் புஸ்தகத்துலேர்ந்து வரணும். பதினாலாம் பக்கம் பாத்தீங்களா? முதல்ல அதைப் பாருங்க." தட்டை நீட்டினார். "இன்னொரு கரண்டி போடுங்க. இன்னிக்கு காய் பிரமாதம்."

பதினான்காம் பக்கத்தைப் பார்த்தேன். நாற்காலியில் அப்பா செய்தித்தாள் படிக்கிறார். அடுப்படியில் அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் கையில் பந்து. தங்கை அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூலையில் ஒரு பூனை. அந்த அடுப்பில் தீயே இல்லை. தொழில் தெரிந்தவன் சொல்கிறேன், அந்தப் பாத்திரத்தில் இருப்பது எதுவானாலும் இந்த ஜென்மத்தில் வேகாது. அதைத்தான் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டீச்சர் தலைமை ஆசிரியரிடம் போகச் சொன்னார். போனேன். அவர் மேஜையில் நான் அனுப்பிய தட்டு மூடியோடு இருந்தது. உப்பு குறைவு, முட்டை இரண்டு, மஞ்சள் கரு முழுசாக வேகக்கூடாது.

"உக்காருங்க. வேணாம், நில்லுங்க, சீக்கிரம் முடிச்சிடலாம். விஷயம் என் காதுக்கு வந்துச்சு." மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "பாருங்க, வீட்டுல நடக்கறதைப் பாத்தே குழந்தைங்க குடும்பத்தைக் கத்துக்கிட்டா, அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு? நான் எதுக்கு? இந்தக் கட்டடம் எதுக்கு?"

அது எனக்கும் தெரியவில்லை.

"போன வருஷம் ஒரு பையன், எங்க வீட்டுல அம்மா இல்லைன்னு எழுதினான். விசாரிச்சோம். நெசமாவே இல்லை, பாவம், தவறிட்டாங்க. எனக்கே கஷ்டமா இருந்துச்சு. அதுக்காக மார்க் போட முடியுமா? இன்னிக்கு இல்லைங்கறவனுக்கு மார்க் போட்டா, நாளைக்கு எல்லாரும் இல்லைன்னு எழுதுவான்."

"அந்தப் பையன் இப்போ என்ன பண்றான் சார்?"

"ஒன்னாங்கிளாஸ்தான். ரெண்டாவது வருஷம். இந்தத் தடவை அம்மா இருக்காங்க, சமைக்கறாங்கன்னு எழுதிட்டான். ரொம்ப நல்ல முன்னேற்றம்." அவர் முகம் மலர்ந்தது. "அதுதான் கல்வி."

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தார். 'இல்லத் திருத்த விண்ணப்பம்.' மூன்று பிரதி வேண்டும். திருத்தப்பட வேண்டிய உறுப்பினர் யார், எந்த வயதிலிருந்து அவர் பாடத்துக்கு முரணாக நடந்துகொள்கிறார், திருந்துவதற்குத் தேவைப்படும் கால அவகாசம் எவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருந்தது. விண்ணப்பித்தால் குடும்பப் பாட ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கே வந்து திருத்துவாராம். திருத்தம் நடந்தால் மிளகு மறுதேர்வு எழுதலாம். இல்லையென்றால் இன்னொரு வருடம் ஒன்றாம் வகுப்பு.

மனைவியிடம் படிவத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "யாரைத் திருத்தணுமாம், உன்னையா என்னையா?" என்றாள்.

"ரெண்டு பேரையும்."

"பிள்ளைக்காகப் பாக்கறேன். இல்லேன்னா இவங்க மேலயே வண்டியை ஏத்தியிருப்பேன்."

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ஒருங்கிணைப்பாளர் அம்மா வந்தார். ஒரு கையில் பாடப்புத்தகம், இன்னொரு கையில் போன். உள்ளே வந்ததும் பதினான்காம் பக்கத்தை விரித்து, எங்கள் சமையலறையையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வந்த முகம் வாடிவிட்டது.

"சார், நீங்க கரண்டியைக் கீழ வைங்க. நாற்காலியில உக்காந்து பேப்பர் படிங்க. அம்மா, நீங்க அடுப்புகிட்ட நில்லுங்க. அந்த யூனிஃபார்ம் வேணாம், வேற மாத்திட்டு வாங்க. ம், சிரிங்க."

"எதுக்குச் சிரிக்கணும்?" என்றாள் மனைவி.

"படத்துல சிரிக்கறாங்களே."

"அவ காலையில நாலு மணிக்கு எழுந்திருக்கமாட்டா."

ஒருங்கிணைப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார். 'தாய்: சிரிப்பு போதவில்லை.' அடுத்து, "அண்ணன் எங்க?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார், கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருக்கிறோம் என்பதுபோல.

"அண்ணன் இல்லீங்க. ஒரே பொண்ணு."

"ஏன்?"

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"காரணம் எழுதணும், அதுக்குத்தான் கேக்கறேன். சரி, 'பெற்றோரின் கவனக்குறைவு'ன்னு போட்டுக்கறேன். பூனை?"

"பூனையும் இல்லீங்க."

"பூனை கட்டாயமில்லை. இருந்தா நல்லது."

அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. எடுத்து, "இதோ கிளம்பிட்டேங்க. சோறு வடிச்சிட்டீங்களா? முட்டையை மூடி வைங்க, ஆறிடும்," என்று குழைந்தார். என் மனைவி அடுப்படியில் நின்றபடியே கேட்டாள்.

"உங்க வீட்டுல யாருங்க சமையல்?"

"எங்க வீட்டுக்காரருதான். தினம் ஏழு குடும்பம் திருத்தணும்மா, பதினோரு வருஷமா. எனக்கு ஏது நேரம்?" கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்.

மூலையில் ஐம்பது தடவையின் மூன்றாவது தவணையை எழுதிக்கொண்டிருந்த மிளகு நிமிர்ந்தாள். "அப்போ உங்க வீட்டுக்கும் பெருக்கல் குறியா டீச்சர்?"

ஒருங்கிணைப்பாளர் திரும்பினார். கோபமில்லை, கனிவாகத்தான் பேசினார், அதுதான் கொடுமை. "பெரியவங்களைக் கேள்வி கேக்கக்கூடாதுடா தங்கம். இது 'பள்ளி வாழ்க்கை' மூணாம் பாடம். நல்ல பிள்ளைங்க முதல்ல கேக்கறது யாருன்னு பாப்பாங்க. பாத்துட்டுத்தான் பதில் சொல்வாங்க."

மிளகு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை என் பிள்ளை விழுங்கியதை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். ஒரு வருடம் போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. அந்த வாய் போய்விட்டால் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

எங்கள் வீடு 'பகுதியளவு திருந்தியது' என்று அறிக்கை வந்தது. மறுதேர்வு, ஆய்வாளர் வரும் நாளில் அவர் முன்னிலையிலேயே நடக்கும் என்றார்கள். ஆய்வாளர் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை மேலிடத்திலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒன்றாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரே சத்தம். "சமைப்பவர் யார்?" என்பார் டீச்சர். "அம்மா!" என்று முப்பது பிள்ளைகள் கூவும். அது போதாதென்று காலைக் கூட்டத்தில் பள்ளிக்கூடம் முழுக்கக் கத்தவைத்தார்கள். கடைசியில், தெருவில் யாராவது 'சமை' என்றாலே பிள்ளைகள் தானாக 'அம்மா' என்று அலறின.

அப்புறம் சுற்றறிக்கை வந்தது. 'ஆய்வு நாளன்று பள்ளி வளாகத்தினுள், பாடத்துக்கு முரணான எந்தக் காட்சியும் மாணவர் கண்ணில் படலாகாது. இப்பள்ளி மாணவரின் தந்தையர் தந்தையராகவும், தாயர் தாயராகவும் மட்டுமே காணப்பட வேண்டும். மீறினால் அவர்தம் பிள்ளைக்குக் குடும்பப் பாடத்தில் மதிப்பெண் இல்லை.' எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போடவேண்டும்.

நான் இரண்டு தடவை படித்தேன். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒன்றாம் வகுப்பு. தலைமை ஆசிரியரிடம் போய், "சார், இது எனக்கும் பொருந்துமா?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "எல்லாருக்கும். விதிவிலக்கே கிடையாது. கையெழுத்து போடுங்க."

"இல்ல சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"போடுங்கன்னு சொல்றேன்ல."

போட்டேன். என் உதவிக்கு இரண்டு ஆட்கள். அவர்கள் பிள்ளைகளும் இங்கேதான் படிக்கின்றன. அவர்களும் போட்டார்கள்.

ஆய்வு நாளுக்கு முந்தின நாள் தனிச் சாப்பாட்டுப் பட்டியல் ஒன்று வந்தது. ஆய்வாளருக்கு உறைப்பு ஆகாது, கறி மிருதுவாக இருக்கவேண்டும், இனிப்பு இரண்டு வகை. பதினெட்டுப் பேருக்கு. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் வயிற்றில் விளையாடுகிற ஆள் நான் இல்லை. அன்றைக்கு விடிகிற நேரத்திலேயே நாங்கள் மூன்று பேரும் போய், ஒரு பிள்ளை கண்ணிலும் படாமல், முந்நூற்று நாற்பது முட்டையை வேகவைத்து, ரொட்டியோடும் பழத்தோடும் பொட்டலம் கட்டி வகுப்பு வாரியாக அடுக்கிவிட்டோம். அடுப்பை அணைத்தோம். மேடையைத் துடைத்தோம். பிறகு ஜன்னலுக்கு எதிரே மூன்று நாற்காலி போட்டு, ஒரே செய்தித்தாளை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு தாளை வைத்துக்கொண்டு தந்தையராக உட்கார்ந்தோம். எனக்கு விளம்பரப் பக்கம் வந்தது.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஒன்றாம் வகுப்பில் பாடம் நடந்தது. "சமைப்பவர் யார்?" "அம்மா!" "செய்தித்தாள் படிப்பவர் யார்?" "அப்பா!" ஆய்வாளர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தார். "அங்க பாருங்க, கண்ணுக்கு எதிர்லயே செயல்முறை விளக்கம்! அருமையான ஏற்பாடு," என்று தலைமை ஆசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலைமை ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டு என்பதால் வாங்கிவைத்துக்கொண்டார்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தன. பெரிய அறையில் பதினெட்டு வெறும் தட்டு. தலைமை ஆசிரியர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார், பின்னாலேயே ஆய்வாளரும்.

"என்னய்யா இது? சாப்பாடு எங்க?"

நான் எழுந்து நின்று, செய்தித்தாளை மடித்தேன். "சமைக்கலை சார். இன்னிக்கு நான் அப்பா."

"விளையாடறியா?"

"கையெழுத்து போட்டிருக்கேன் சார். நான் கரண்டியைத் தொட்டா என் பொண்ணு ஃபெயில்."

தலைமை ஆசிரியர் இரண்டு கையையும் ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, முற்றமே அதிரும்படி கத்தினார். "அப்போ யாருய்யா இங்க சமைக்கறது?"

வாய் நிறைய ரொட்டியோடு முந்நூற்று நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் கூவின.

"அம்மா!"

முந்நூற்று முப்பத்தொன்பது என்று சொல்லவேண்டும். மிளகு கூவவில்லை. முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியர் டீச்சர்கள் பக்கம் திரும்பினார். "நீங்கெல்லாம் அம்மாதானே? போங்க, போய்ச் சமைங்க!"

வகுப்பு டீச்சர்தான் மெல்ல வாயைத் திறந்தார். "எங்க வீட்டுல ஆள் வெச்சிருக்கோம் சார்." இன்னொருவர், "நாங்க கடையில வாங்கிக்கறோம் சார்," என்றார். "எங்க வீட்டுல அவருதான்," என்றார் ஒருங்கிணைப்பாளர். ஒரு டீச்சர் மட்டும் தைரியமாக உள்ளே போய்ப் பெரிய அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்தார். புருவம் பொசுங்கித் திரும்பி வந்தார். தலைமை ஆசிரியரின் வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். தினம் சாயங்காலம் நாலடுக்குத் தூக்கு ஒன்று இந்தச் சமையலறையிலிருந்துதான் அவர் வீட்டுக்குப் போகிறது. பதினான்காம் பக்கத்துக் குடும்பம் அந்த வளாகத்தில் ஒருத்தர் வீட்டிலும் இல்லை. பூனைகூட என் சமையலறைப் பின்கட்டில்தான் திரிகிறது.

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "முறைப்படி இவர் செஞ்சதுல தப்பே இல்லை," என்றார் வறண்ட குரலில். "அதுதான் சங்கடம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து விடைக்குறிப்பில் ஒரு திருத்தம் வெளியானது. 'வீட்டில் சமைப்பவர் யார்? அம்மா. (இப்பள்ளிச் சமையல்காரரின் வீட்டில் மட்டும், அவர் பணிக்குத் திரும்பும் நிமிடம் முதல், அப்பா.)' கீழே இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. முத்திரையின் ஈரம் காய்வதற்குள் தலைமை ஆசிரியர் சாப்பாட்டுப் பட்டியலை நினைவுபடுத்தினார்.

சாவி கொடுத்த பொம்மைபோல நான் உடனே அடுப்படிக்குப் போய்விடவில்லை. "அந்த அம்மா இல்லாத பையன் சார்?" என்று கேட்டேன். "அவனுக்கும் ஒரு அடைப்புக்குறி போட்டுக் கொடுங்க."

"அவன் எதுக்குய்யா இதுல வர்றான்?" என்றார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. அந்தப் பையன் அவருக்குச் சமைத்துப் போடுவதில்லையே.

சமைத்தேன். பிள்ளை மேலே போகவேண்டும் என்றால் வேறு என்ன செய்வது? உப்பில்கூடக் குறை வைக்காமல் நன்றாகவே சமைத்தேன், தொழில் தொழில்தான். நாலு மணிக்குச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு, 'முன்மாதிரிப் பள்ளி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆய்வாளர் போனார். போவதற்கு முன் மிளகுக்கு மறுதேர்வு நடந்தது. பத்துக்குப் பத்து. டீச்சர் கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் புத்தி வந்திருக்கு," என்றாராம்.

வீட்டுக்கு வந்தோம். மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கரண்டியை எடுத்தேன். மிளகு பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் வாயால் ஒரு தடவை கேட்கவேண்டும்போல் இருந்தது. ஜெயித்த சந்தோஷம், வேறொன்றுமில்லை.

"மிளகு, சொல்லு பாப்போம். நம்ம வீட்டுல சமைக்கறது யாரு?"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும் என்று சிரிப்போடு காத்திருந்தேன். வரவில்லை. அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"கேக்கறது யாருப்பா?" என்றாள்.